சுரங்க ரயில்: கிலோமீட்டருக்கு எவ்வளவு?

(நகர்ப்புறத் திட்டங்கள் குறித்த பொதுமக்கள் கலந்துரையாடலில், ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் கைபேசிக்கும் இப்படி ஒரு படம் வந்திருக்கலாம். மேலே மெட்ரோ ரயில், கீழே இரண்டு எண்கள். "முதல் கட்டத்தில் கிலோமீட்டருக்கு 324 கோடி. இரண்டாம் கட்டத்தில் 532 கோடி. நடுவில் இருக்கிற 208 கோடி எங்கே போச்சு?" கடைசி வரியில், "அனைவருக்கும் பகிரவும்."

இந்த எண்களில் வகுத்தல் பிழை எதுவும் இல்லை. சென்னை மெட்ரோ முதல் கட்டம் 45.1 கிலோமீட்டர். 2009-ல் ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்தபோது மதிப்பீடு 14,600 கோடி ரூபாய். வகுத்தால் 324. இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மதிப்பீடு 63,246 கோடி. வகுத்தால் 532. சரிதான். ஆனால் வகுத்து வந்த இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

நான் வேலை பார்த்த காலம் முழுக்க எஸ்டிமேட் போட்டவன். அதனால் சொல்கிறேன். மதிப்பீட்டை நம்பணும் என்றோ, சந்தேகப்படணும் என்றோ நான் சொல்ல வரவில்லை. சரியான கேள்வி கேட்கத் தெரிந்தால், எதை நம்பலாம், எதைச் சந்தேகப்படலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

சதுர அடிக் கணக்கு

வீடு கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது, "மேஸ்திரி, சதுர அடிக்கு எவ்ளோ ஆகும்?" மேஸ்திரியும் ஒரு எண் சொல்வார். அது கூரை வரைக்குமா, பூச்சு வரைக்குமா? கதவு, ஜன்னல் சேர்த்தியா? போர்வெல், செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர்? மின் இணைப்புக் கட்டணம்? வேலை முடியும்போதுதான் இந்தக் கேள்வியெல்லாம் வரும். "அது தனி சார்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. நாம்தான் கேட்கவில்லை.

சுரங்க ரயிலுக்கும் கதை இதேதான். கிலோமீட்டருக்கு இத்தனை கோடி என்று சொன்னால், அந்த எண்ணுக்குப் பின்னால் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. எந்த வருஷத்து விலை, எதெல்லாம் சேர்த்தி, எத்தனை நிலையம் எவ்வளவு ஆழத்தில், மண்ணைப் பற்றி எவ்வளவு தெரியும். இந்த நான்கும் இல்லாமல் தனியாக வருகிற எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

விலைக்குத் தேதி உண்டு

முதல் கட்ட மதிப்பீட்டுக்கும் இரண்டாம் கட்ட மதிப்பீட்டுக்கும் நடுவில் சுமார் 12 வருஷ இடைவெளி. 2009-ல் சிமென்ட் மூட்டை என்ன விலை, கம்பி டன் என்ன விலை, கொத்தனார் கூலி என்ன என்று யோசித்துப் பாருங்கள். வருஷத்துக்கு 5 சதவீதம் விலை ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 324 கோடி 12 வருஷத்தில் சுமார் 582 கோடி ஆகிவிடும். அப்படிப் பார்த்தால் 532 கோடி என்பது குறைவாகக்கூடத் தெரியும்.

உடனே சந்தோஷப்படவும் வேண்டாம். முதல் கட்டத்தின் 45 கிலோமீட்டரில் பாதிக்கு மேல், சுமார் 24 கிலோமீட்டர், சுரங்கம். இரண்டாம் கட்டத்தின் 118.9 கிலோமீட்டரில் சுரங்கம் சுமார் 42 கிலோமீட்டர்தான். மீதி உயர்மட்டப் பாதை. அதாவது மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மண்ணுக்கு அடியில். தூண் மேல் போகிற பாதையைவிடச் சுரங்கப்பாதைக்குப் பொதுவாக இரண்டு, மூன்று மடங்கு செலவாகும். சுரங்கத்தின் பங்கு குறைந்தால் கிலோமீட்டர் சராசரியும் குறையத்தானே வேண்டும்?

பார்த்தீர்களா, விலை ஏற்றம் எண்ணை ஒரு பக்கம் இழுக்கிறது, சுரங்கத்தின் பங்கு இன்னொரு பக்கம் இழுக்கிறது. வாட்ஸ்அப் படத்தில் இது எதற்கும் இடம் இல்லை.

ஒரே காலத்து விலையில் ஒப்பிட வேண்டுமென்றால் கோவை, மதுரைக்குத் தயாரான திட்ட அறிக்கைகளைப் பார்க்கலாம். கோவைக்கு 39 கிலோமீட்டர், 10,740 கோடி. மதுரைக்கு சுமார் 32 கிலோமீட்டர், சுமார் 11,360 கோடி. தூரம் குறைவாக இருக்கும் மதுரைக்குச் செலவு அதிகம். பெரிய காரணம், மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றிய பழைய நகரப் பகுதியில் பாதை மண்ணுக்குள் போகிறது. மொத்தத்தில் சுமார் 5 கிலோமீட்டர் சுரங்கம்தான். அதுவே சராசரியை கோவையின் 275 கோடியிலிருந்து 350 கோடிக்கு மேல் தூக்கிவிடுகிறது.

சுரங்கத்தைவிட நிலையம் பெரிசு

சுரங்க ரயில் என்றதும் நமக்கு நினைவு வருவது அந்தப் பெரிய இயந்திரம். நம்ம ஊரில் அதற்கு நீலகிரி, ஆனைமலை, ஃபிளமிங்கோ, பீக்காக் என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். பணமெல்லாம் அந்த இயந்திரத்தில்தான் போகிறது என்று நினைப்போம். ஒரு சின்னக் கணக்குப் போடலாம். கைபேசியில் கால்குலேட்டரை எடுங்கள்.

இயந்திரம் குடையும் வட்டத்தின் விட்டம் சுமார் 6.6 மீட்டர். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 34 சதுர மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 34,000 கன மீட்டர் மண். போக ஒரு குழாய், வர ஒரு குழாய். ஆக மொத்தம் 68,000 கன மீட்டர்.

இப்போது ஒரு நிலையம். 200 மீட்டர் நீளம், 22 மீட்டர் அகலம், 18 மீட்டர் ஆழம் என்று ஒரு பள்ளம் வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 79,200 கன மீட்டர். ஒரே ஒரு நிலையத்துக்குத் தோண்டும் மண், ஒரு கிலோமீட்டர் இரட்டைச் சுரங்கத்தின் மண்ணைவிட அதிகம்!

அதுவும் இயந்திரம் யார் கண்ணிலும் படாமல் குடைவது போல இல்லை. நடு ரோட்டைத் திறக்கணும். முதலில் பள்ளத்தின் நான்கு பக்கமும் ஆழமான கான்கிரீட் சுவரை மண்ணுக்குள்ளேயே இறக்கணும். அப்புறம்தான் உள்ளே தோண்ட முடியும். அதற்கும் முன்னால் அந்த இடத்தில் ஓடும் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின் கேபிள், தொலைத்தொடர்புக் கேபிள் எல்லாவற்றையும் நகர்த்தணும். போக்குவரத்தைத் திருப்பிவிடணும். வெளியேறும் வழிக்கும் காற்றோட்டக் குழலுக்கும் மேலே நிலம் வாங்கணும்.

அதனால் ஒரு திட்டத்தின் செலவைத் தெரிந்துகொள்ள, எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் போதாது. மண்ணுக்கடியில் எத்தனை நிலையம், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் என்றும் கேட்கணும். செலவைக் குறைக்க நினைக்கும் பொறியாளர் முதலில் கை வைப்பதும் அங்கேதான். நிலையத்தைச் சின்னதாக்குவார், வாசல்களைக் குறைப்பார், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு நிலையங்களை ஒன்றாக்குவார். சில நேரம் அது நல்ல யோசனை. சில நேரம் அந்த மிச்சத்துக்கான விலையை, தினமும் கூடுதலாக அரை கிலோமீட்டர் நடக்கும் பெரியவர் கொடுக்கிறார். எது எப்படி என்று முடிவாவதற்கு முன்னால் நாம் கேட்டுவிட வேண்டும்.

மண் சொல்லும் கணக்கு

சின்ன வயதில் நடந்த ஒரு விஷயம். ஒரு நகரத்தில் ஆழமாகக் கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலை. நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு இடத்தில் துளை போட்டு மண் பார்த்தோம். இரண்டிலும் நல்ல களிமண். நடுவிலும் அதேதான் இருக்கும் என்று எழுதி எஸ்டிமேட்டை முடித்துவிட்டேன். தோண்டும்போது நடுவில் தண்ணீர் பீறிட்டு வந்தது. அது தூர்ந்துபோன பழைய குளம். அந்தத் தெருவில் இருந்த ஒரு பாட்டி சொன்னார், "இங்க குளம் இருந்துச்சுன்னு என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே தம்பி!" அந்த வேலைக்கு எஸ்டிமேட்டைப் போல ஒன்றரை மடங்கு ஆனது. தப்பு என்னுடையதுதான். அன்றிலிருந்து மண் பரிசோதனை அறிக்கையோடு தெருவில் இருக்கிற பெரியவர்களிடமும் கேட்கப் பழகிக்கொண்டேன்.

சென்னை இப்படிப்பட்ட ஊர்தான். தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் ஏரியின் படுகையில் உருவான பகுதி. நுங்கம்பாக்கத்தில் இன்றும் 'லேக் ஏரியா' என்றுதான் சொல்கிறோம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் தடம் மயிலாப்பூர், பனகல் பூங்கா, கோடம்பாக்கம் என்று இந்தப் பகுதிகளுக்கு அடியில்தான் போகிறது. ஓரிடத்தில் மணல், கொஞ்சம் தள்ளிக் களிமண், அதற்கு அடுத்து கடினப் பாறை, எல்லாவற்றுக்கும் நடுவில் நிலத்தடி நீர். மெல்லிய மண்ணுக்கான பற்கள் பாறையில் தேயும். பாதி பாறை, பாதி மணல் என்று கலந்து வந்தால் இன்னும் சிரமம். இயந்திரம் ஒரு நாள் நின்றாலும் ஆட்கள் சம்பளமும் கடன் வட்டியும் நிற்காது.

மண்ணைத் தவறாகக் கணித்தால் பணம் மட்டும் போவதில்லை. 2019 ஆகஸ்ட் 31 அன்று கொல்கத்தாவின் பௌபஜார் பகுதியில் மெட்ரோ சுரங்கம் தோண்டும் இயந்திரம் நீர்த்தாங்கு மண்ணில் மோதியது. தண்ணீரும் மண்ணும் சுரங்கத்துக்குள் கொட்டின. மேலே இருந்த பழைய வீடுகள் விரிசல் விட்டு இடிந்தன. நூற்றுக்கணக்கான மக்கள் உடுத்திய துணியோடு வெளியேற வேண்டியிருந்தது. அந்தத் தடம் 2024 மார்ச்சில் ஒரு பகுதி திறந்த பிறகும் பௌபஜார் பகுதி காத்திருக்க வேண்டியிருந்தது.

மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு மொத்தத் திட்டத்தில் மிகச் சிறிய பங்கு. ஆனால் அவசரத்தில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான். மதிப்பீட்டைக் கையில் எடுத்ததும் நான் தேடும் முதல் பக்கம், எத்தனை இடத்தில் துளை போட்டார்கள், எவ்வளவு ஆழம் போனார்கள் என்பதுதான்.

எதிர்பாராததற்கு எவ்வளவு?

நம் நாட்டு மெட்ரோ திட்ட அறிக்கைகளில் எதிர்பாராச் செலவு என்று வழக்கமாக 3 சதவீதம் எழுதுவார்கள். நூறு ரூபாய் வேலைக்கு மூன்று ரூபாய். கல்யாண வீட்டில்கூட நூறு இலைக்குப் பத்து இலை அதிகம் போட்டுச் சமைப்போம் இல்லையா?

உலக அனுபவம் என்ன சொல்கிறது? டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃபிளிவ்பியர்க் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2002-ல் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் இருந்த ரயில் திட்டங்களில் மதிப்பீட்டைவிடச் சராசரியாக சுமார் 45 சதவீதம் கூடுதல் செலவாகியிருந்தது. சில திட்டங்கள் கூடும், சில திட்டங்கள் குறையும் என்று இருந்தால் அது மனிதக் கணிப்பின் பிழை. பெரும்பாலும் கூடுகிறது என்றால், முதலிலேயே குறைத்துச் சொல்லும் பழக்கம் இருக்கிறது என்று அர்த்தம். திட்டம் கையெழுத்தாக வேண்டும் என்ற ஆசை எஸ்டிமேட்டுக்குள் புகுந்துவிடுகிறது.

லண்டனின் எலிசபெத் தடத்தைப் பாருங்கள். 2015-லேயே சுரங்கம் தோண்டி முடித்துவிட்டார்கள். 2018 டிசம்பரில் திறக்க வேண்டியது. திறந்தது 2022 மே. 2010-ல் ஒதுக்கிய நிதி 1,480 கோடி பவுண்டு. கடைசியில் ஆனது சுமார் 1,880 கோடி பவுண்டு. மண் அங்கே பெரிதாகத் தடுக்கவில்லை. சிக்னல் மென்பொருளும், நிலையங்களின் உள் வேலைகளும்தான் இழுத்தன. தோண்டி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தால் இப்படித்தான் ஆகும்.

நம்ம ஊர் முதல் கட்டத்தில் சுரங்க வேலையை எடுத்த ஓர் ஒப்பந்ததாரர் பாதியில் விலகிப் போனதும், அண்ணா சாலையில் வேலை நின்றதும், மறுபடி டெண்டர் விட்டதும் சென்னைக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர் உயர்மட்டப் பாதை திறந்தது. சுரங்கத்தில் முதல் ரயில் ஓட 2017 மே ஆனது. அண்ணா சாலை முழுக்க ரயில் ஓட 2019 பிப்ரவரி ஆனது. அந்த வருஷங்களில் தடுப்புக்குப் பின்னால் மறைந்துபோன கடைகளில் வியாபாரம் படுத்ததே, அது எந்த எஸ்டிமேட்டில் எழுதியிருக்கிறது?

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மதிப்பீட்டில் எழுதாத செலவு காணாமல் போவதில்லை. யாரோ ஒருவர் அதைக் கொடுக்கிறார். கடைக்காரர் கொடுக்கிறார், சுவரில் விரிசல் விட்ட வீட்டுக்காரர் கொடுக்கிறார், இன்னும் மூன்று வருஷம் நெரிசலில் நிற்கும் பயணி கொடுக்கிறார். இரண்டாம் கட்டத்தின் 63,246 கோடியில் 33,593 கோடி கடன். அதில் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் பிறகு வரியாக நம்மிடமே வரும். அதனால் குறைந்த எண்ணைக் கேட்டால் கை தட்டுவதைவிட, நேர்மையான எண்ணைக் கேட்டு வாங்குவது நமக்கு லாபம்.

கைபேசியில் நீங்கள் செய்யக்கூடியவை

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரி, நான் என்ன பண்றது?" என்று கேட்பீர்கள். நான்கு வேலை சொல்கிறேன்.

ஒன்று. உங்கள் வீடு சுரங்கத் தடத்துக்கு மேலேயோ பக்கத்திலேயோ இருந்தால், வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொரு அறையையும் சுவர், கூரை, தரை என்று படமும் வீடியோவும் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே இருக்கும் விரிசல்களுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். அதை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிட்டால் தேதியும் பதிவாகிவிடும். கட்டட நிலையைக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள். அந்தக் கணக்கெடுப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு இழப்பீடு பற்றிப் பேச்சு வந்தால் இதுதான் உங்கள் சாட்சி.

இரண்டு. வீட்டில் பழைய கிணறு, கைவிட்ட போர்வெல், மூடிய செப்டிக் டேங்க் இருந்தால் அதிகாரிகளிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். வரைபடத்தில் இல்லாத ஒரு பழைய போர்வெல் குழாய் இயந்திரத்தின் பற்களில் சிக்கும். இயந்திரம் செலுத்தும் நுரையும் சேறும் அந்தத் துளை வழியாக உங்கள் முற்றத்துக்கே வரலாம். சொன்னால் தண்டம் போடுவார்களோ என்று பயந்து மறைக்காதீர்கள். அந்தப் பாட்டி சொன்னது போல, கேட்டால் சொல்லலாம் என்று இருக்காமல் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்று. உங்கள் நிலத்தில் ஒரு பகுதி எடுக்கப்படலாம் என்றால், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இணையதளத்தில் இன்றே பாருங்கள். பதிவுத்துறைத் தளத்தில் உங்கள் தெருவின் வழிகாட்டி மதிப்பையும் பாருங்கள். தாத்தா பெயரிலேயே பட்டா இருந்தால் இழப்பீட்டுப் பணம் வருவதற்குள் நீங்கள் அலைந்து தீர்வீர்கள். திட்டத்துக்கும் தாமதம், உங்களுக்கும் தாமதம்.

நான்கு. கேள்வி கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் யாரும் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். தமிழ்நாட்டில் இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம். "மெட்ரோவில் ஏன் இவ்வளவு செலவு?" என்று கேட்டால் பதில் வராது. குறிப்பாகக் கேட்கணும். மதிப்பீடு எந்த ஆண்டு விலையில் போடப்பட்டது? நிலம், வரி, ரயில் பெட்டிகள், கட்டுமானக் கால வட்டி ஆகியவை இதில் சேர்ந்துள்ளனவா? எதிர்பாராச் செலவுக்கு எத்தனை சதவீதம்? எத்தனை இடங்களில் மண் பரிசோதனை செய்யப்பட்டது? கடைசியாக எப்போது மதிப்பீடு திருத்தப்பட்டது, எந்தத் தலைப்பில் எவ்வளவு கூடியது? இந்த ஐந்து கேள்விகளையும் கைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ மட்டுமில்லை, உங்கள் தெருவில் வரும் மழைநீர் வடிகாலுக்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

மறுபடி அந்த வாட்ஸ்அப் படத்துக்கு வருகிறேன். அடுத்த முறை "208 கோடி எங்கே போச்சு?" என்று வந்தால், அனுப்பியவரிடம் சண்டை போட வேண்டாம். "அண்ணே, இது எந்த வருஷத்து விலை? இதில் சுரங்கம் எத்தனை கிலோமீட்டர்?" என்று ஒரே ஒரு வரி கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் இரண்டு பேருமாகச் சேர்ந்து தேடுங்கள். அப்படித் தேடிப் பார்த்த பிறகும் கணக்கு இடிக்கிறது என்றால், அப்போது நீங்கள் எழுப்பும் சந்தேகத்துக்கு எடை இருக்கும். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எங்களைப் போல எஸ்டிமேட் போட்டவர்களுக்கு இருக்கிறது.